அப்ரூவல் எப்போதும் இடது பக்கம்

சென்ற மாதம் பிரியாவிடமிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். எல்லா மேசைகளுக்கும் புது லினக்ஸ் போட்டுவிட்டாளாம். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதாம், ஒன்றைத் தவிர.

"சார், பிரிண்ட் செக்கிங் சிஸ்டத்துல ரெண்டு விண்டோவும் சொன்ன எடத்துல நிக்க மாட்டீங்குதுங்க. இந்தப் புது வெர்ஷன்ல வெளி புரோகிராம் எதையும் விண்டோவை நகர்த்த உடறதில்லீங்க. நீங்க எழுதி வெச்ச பழைய ரூலை எடுத்துடட்டுங்களா? வேணும்னா அவங்களே மவுஸ்ல இழுத்து வெச்சுக்கட்டுமே."

"எடுக்காத கண்ணு!" என்றேன். சற்றுச் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, யாரைத் திட்டுகிறேன் என்று கையாலேயே கேட்டாள்.

விண்டோக்களைத் திரையில் காட்டும் டெஸ்க்டாப் புரோகிராமை மட்டும் வேறொன்றுக்கு மாற்றினால், விண்டோவுக்கு விதி எழுதும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது, வெளி புரோகிராம் தேவையில்லை என்று பிரியாவுக்கு வழி சொன்னேன். அன்றைக்கே சரி செய்துவிட்டாள். கெட்டிக்காரி. ஆனால் போனை வைக்கும் முன், "இத்தனை சின்ன விஷயத்துக்கு ஏனுங்க சார் இவ்வளவு பதட்டம்?" என்று கேட்டாள். அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

என் படிப்பு கம்ப்யூட்டர் படிப்பு அல்ல. வெள்ளகோவிலில் ரேடியோ, டிவி ரிப்பேர் கடையில் தொழில் பழகியவன். பின்னலாடைக் கம்பெனிகளில் நிட்டிங் மெஷின்களுக்கு எலக்ட்ரானிக் போர்டு வர ஆரம்பித்ததும், அதைப் பிரித்துப் பார்க்கப் பயப்படாத ஆள் வேண்டுமென்று திருப்பூருக்கு அழைத்து வந்தார்கள். அப்புறம் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். ஒயர் தெரிந்தவன் என்பதால் அதுவும் என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூர் போய் வகுப்பில் உட்கார்ந்தேன், பத்திரிகையோடு இலவசமாக வரும் சிடிக்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். என் பயிற்சி வரலாறு அவ்வளவுதான்.

இரண்டாயிரங்களின் நடுவில் கம்பெனி லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறியது. பழைய சிஸ்டங்களில் மெயிலைத் திறந்தால் வைரஸ், பென்டிரைவைச் செருகினால் வைரஸ் என்று இருந்தது. கோயமுத்தூரிலிருந்து ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தார் வந்து எல்லாவற்றையும் அழித்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்கள், எங்கள் வேலைக்கு வேண்டிய சின்னச் சின்னப் புரோகிராம்களையும் எழுதித் தந்தார்கள். பராமரிப்பு மட்டும் என்னுடையது. முதல் சில மாதங்கள் நான் வாங்கிய பேச்சுக்கு அளவே இல்லை. டீ ஆறிப்போனால்கூட லினக்ஸ்தான் காரணம் என்றார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும் சுபாவம், அதனால் நானும் சும்மா இருக்கவில்லை. பிரிண்டரில் பேப்பர் இல்லாமல் என்னைக் கூப்பிட்டவர்களிடம், "பேப்பர் ஆபரேட்டிங் சிஸ்டத்துல இருந்து வராதுங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

என்னை அப்போது காப்பாற்றியது எங்கள் மேனேஜர் நாச்சிமுத்து ஐயா. அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அவர் நிட்டிங் ஃபோர்மேனாக இருந்து மேனேஜர் ஆனவர். பேண்டும் சட்டையும் போட்டிருந்தாலும் தோளில் ஒரு துண்டு இருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நான் அவரைப் பார்த்ததில்லை. பின்னால் கைகட்டி நின்று, மற்றவர்கள் செய்வதைப் பார்ப்பார். குரல் உயராது. என்ன தகராறு என்று யார் போனாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "என்ன ஆச்சுன்னு சொல்லாதீங்க. செஞ்சு காட்டுங்க." நாம் வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தால் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொள்வார். பேச்சு போதும் என்று அர்த்தம். நிட்டிங்கில் ஒரு ஊசி உடைந்தால் துணி நெடுகக் கோடு விழும், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் உடைந்த ஊசியிடம் போய் நிற்கலாம் என்பது அவர் கட்சி. எந்தத் தப்பும் தடயம் விடாமல் போகாது என்று உறுதியாக நம்பினார். இந்தப் பழக்கத்தால் அவருடன் வேலை செய்வது சில நேரம் எரிச்சலாகவும் இருந்திருக்கிறது. சர்வர் நின்றுபோனால்கூட, நின்றதை நிறுத்திக் காட்டு என்பார்.

அடுத்து நசீமா. செக்கிங் டேபிளில் பல வருஷம் நின்று வேலை பார்த்தவர். தைத்த துணியை விரித்து, ஓட்டை, கறை, பிரிண்ட் கோளாறு பார்ப்பது அந்த டேபிளின் வேலை. அவர் கண்ணுக்குத் தப்பிய கோளாறு இல்லை என்று செக்கிங்கில் எல்லோரும் சொல்வார்கள். வேலை முடிந்து போய்க் கம்ப்யூட்டர் பழகி, பிரிண்ட் செக்கிங் சிஸ்டத்துக்கு ஆள் கேட்டபோது தானே வந்து நின்றார். எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிளிலிருந்து ஆபீஸ் நாற்காலிக்கு வந்த முதல் பெண் அவர்தான். அந்த நாற்காலியில் அவர் உட்காரும் விதத்திலேயே அது தெரியும். நுனியில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, பரீட்சை எழுதுகிறவர் போல இருப்பார்.

அவருடைய வேலை இதுதான். எங்கள் பிரிண்டிங் யூனிட் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்தது. அங்கே பிரிண்டிங் பார்க்கும் டேனியல் மாஸ்டர் துணியில் ஒரு மாதிரித் துண்டு அடித்து, அதை ஸ்கேன் செய்து நெட்டில் அனுப்புவார். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஒப்புக்கொண்ட டிசைன் எங்களிடம் ஸ்கேனாக இருக்கும். அதற்குப் பெயர் அப்ரூவல். நசீமா அந்த டிசைனின் ஸ்டைல் நம்பரைத் தட்டினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு விண்டோவாகத் திறக்கும். உருவம், இடைவெளி, கோட்டின் தடிமன் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் என்ன மாற்ற வேண்டும் என்று யூனிட்டுக்கு எழுதுவார். கலரை மட்டும் கம்ப்யூட்டரில் பார்க்கக் கூடாது. அதைத் துணியாக வைத்து விளக்குப் பெட்டிக்குள் பார்க்க வேறு ஆட்கள் இருந்தார்கள்.

இதில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் செக்கிங் டேபிளில் அப்ரூவல் துண்டு எப்போதும் இடது கைப் பக்கம்தான் இருக்கும். வலது கை பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் கை, அதனால் பார்க்க வேண்டிய துணி வலது பக்கம். இது எங்கும் எழுதப்பட்ட சட்டம் அல்ல. ஆனால் யாராவது மாற்றி வைத்தால் பக்கத்து டேபிளிலிருந்தே ஒரு கை வந்து சரி செய்துவிட்டுப் போகும். நசீமா கம்ப்யூட்டருக்கு வந்தபோது இந்த வழக்கத்தோடுதான் வந்தார். கம்ப்யூட்டரிலும் இடது விண்டோவில் அப்ரூவலும் வலது விண்டோவில் யூனிட்டின் துண்டும்தான் வந்துகொண்டிருந்தன. அதனால் யாருக்கும் அதைப் பற்றி யோசிக்க வேண்டிய வேலையே வரவில்லை.

அந்த சீசனில் ஒரு குழந்தைகள் டிசைன் வந்தது. வரிசையாகக் குட்டி யானைகள், ஒவ்வொன்றுக்கும் மெல்லிய கறுப்பு ஓரக்கோடு. டேனியல் மாஸ்டர் முதல் துண்டு அடித்து அனுப்பினார். நசீமா பார்த்துவிட்டு, கோடு மெலிசாக இருக்கிறது, தடிமன் பண்ணுங்கள் என்று எழுதினார். மாஸ்டர் தடிமன் பண்ணி இரண்டாவது துண்டு அனுப்பினார். இன்னும் மெலிசாகத்தான் இருக்கிறது, இன்னும் தடிமன் வேண்டும் என்று பதில் போனது. மாஸ்டர் போனிலேயே சலித்துக்கொண்டாராம். "ஏம்மா, இதுக்கு மேல தடிமன்னா ஆனைக்கு வேலிதான் கட்டோணும்."

அந்த ஆர்டரைப் பார்த்துக்கொண்டிருந்த மெர்ச்சண்டைசர் விக்னேஷ். பையருக்கும் நமக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவது மெர்ச்சண்டைசர் வேலை. நல்ல பையன்தான், ஆனால் அவசரக்காரன். நாள் ஓடுகிறதென்று, மூன்றாவது துண்டு வேண்டாம், நசீமா சொன்னபடி கோட்டைத் தடிமனாக்கி முதல் லாட்டை அடித்துவிடுங்கள் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டார். துணி அடித்து வேனில் ஆபீசுக்கு வந்தது. விக்னேஷ் அதைப் பிரித்து, பையரின் அப்ரூவலைத் தாளில் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்தார். யானைகளுக்குத் தார் பூசிய மாதிரி இருந்தது. அப்ரூவலில் இருந்த கோடோ மயிரிழை.

மேனேஜர் அறையில் கூட்டம் போட்டார்கள். நெருப்பெரிச்சலிலிருந்து டேனியல் மாஸ்டரும் வந்துவிட்டார். என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்றால், லினக்ஸ் வந்த பிறகு எந்தக் கூட்டத்திலும் ஓரத்தில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு.

"நான் ஏங்க மாத்தப் போறேன்? அந்தப் புள்ள சொன்னபடிதானுங்க பண்ணேன்" என்றார் டேனியல் மாஸ்டர். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது.

விக்னேஷுக்கு முகம் சிவந்திருந்தது. "பாக்காமயே சொல்லியிருக்காங்க சார். அப்ரூவல் எத்தனை மெலிசு, இவுங்க தடிமன் பண்ணச் சொல்றாங்க. ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. இந்த வேலைக்கு அந்தம்மா செரிப்படாதுங்க. திரும்ப செக்கிங் டேபிளுக்கே அனுப்பிடலாங்க."

நசீமா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. உதடு மட்டும் வறண்டிருந்தது. "டேபிளுக்கு அனுப்பறதுன்னா அனுப்புங்க சார், நான் வேண்டாங்கலை. ஆனா பாக்காம சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க. நான் பாத்துத்தானுங்க சொன்னேன்."

அவர் சொல்வது பொய்யென்று எனக்குத் தோன்றவில்லை, ஆனால் மேசை மேல் அந்தத் துணி கிடந்தது. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று புரியவில்லை. டேபிளுக்கு அனுப்பினால் அந்தப் பேச்சு அவரோடு டேபிளுக்கும் போகும். கண்ணை நம்பித்தான் அங்கே வேலை. பார்க்காமல் சொல்கிறவள் என்று பெயர் வந்த ஒருத்தியின் கண்ணை அப்புறம் யார் நம்புவார்கள்?

நாச்சிமுத்து ஐயா துணியைக் கையில் எடுத்தார். விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். பிறகு தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

"விக்னேசு, பாக்காம சொல்றவங்க எப்புடிச் சொல்லுவாங்க? ஒருக்கா தடிமன்னு சொல்லுவாங்க, ஒருக்கா மெலிசுன்னு சொல்லுவாங்க, ஒருக்கா ஓக்கேன்னு உட்டுருவாங்க. இந்தம்மா ரெண்டு வாட்டியும் ஒரே பக்கமாத்தான் சொல்லியிருக்கு. மாஸ்டரு சரி பண்ணப் பண்ணத் தள்ளித் தள்ளிப் போயிருக்கு. நட்டை முடுக்க முடுக்க லூசாகுதுன்னா தப்பு கையில இல்லீங்க. மரை தலைகீழா இருக்குது." பிறகு நசீமாவைப் பார்த்தார். "வாம்மா. செஞ்சு காட்டு."

எல்லோரும் பிரிண்ட் செக்கிங் சிஸ்டத்துக்குப் போனோம். நசீமா நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் பின்னால் நின்றோம். ஸ்டைல் நம்பரைத் தட்டினார். இரண்டு விண்டோ திறந்தன.

"இது அப்ரூவலுங்க" என்று இடது பக்கம் காட்டினார். "இது யூனிட்டுங்க. பாருங்க, யூனிட்டுது மெலிசாத்தானே இருக்குது?"

அவர் சொன்னது அப்படியே உண்மை. வலது பக்க யானையின் கோடு மெல்லியது, இடது பக்க யானையின் கோடு தடிமன். விக்னேஷ் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. விண்டோவின் தலைப்பில் ஃபைலின் பெயர் இருக்கும். ஆனால் பையர் பெயர், சீசன், ஸ்டைல் நம்பர் என்று பெயர் நீளமாகப் போய், கடைசியில்தான் அது அப்ரூவலா யூனிட்டா என்று வரும். பாதித் திரை விண்டோவில் அந்தக் கடைசிப் பகுதி வெட்டுப்பட்டு மூன்று புள்ளியாகத் தெரிந்தது. நான் மவுஸை வாங்கி, இடது விண்டோவைத் திரை முழுக்க விரித்தேன். முழுப் பெயரும் தெரிந்தது. அது யூனிட்டின் துண்டு.

நசீமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். இந்த முறை அழுதார். அது அவமானத்தில் வந்த அழுகை இல்லை. தன் கண் தன்னை ஏமாற்றவில்லை என்று தெரிந்ததில் வந்த அழுகை என்றுதான் எனக்குப் பட்டது.

"அப்பப் பேரைப் படிச்சிருக்கோணுமில்ல?" என்றார் விக்னேஷ், ஆனால் குரலில் முன்பிருந்த வேகம் இல்லை.

"எங்க இருக்குது படிக்கறதுக்கு?" என்றேன் நான். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மேனேஜர் என்னைப் பார்த்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

"செரி, ஏன் மாறுச்சு?" என்றார் அவர். "மத்த ஸ்டைலெல்லாம் போட்டுப் பாருங்க."

வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். மற்ற எல்லாவற்றிலும் அப்ரூவல் இடது பக்கம் சமர்த்தாக வந்து உட்கார்ந்தது. யானை ஸ்டைல் மட்டும், திரும்பத் திரும்ப மாற்றி வந்தது. மேனேஜர் சொல்லும் கோடு இதுதான், இதைப் பிடித்துக்கொண்டு போனால் ஊசி கிடைக்கும் என்று எனக்கும் அப்போது ஒரு உற்சாகம் வந்துவிட்டது. யானையில் மட்டும் என்ன வித்தியாசம் என்று பார்த்தேன். வழக்கமாகப் பையர் கையெழுத்துப் போட்ட துணியை அனுப்புவார், அதை நாங்களே இங்கே ஸ்கேன் செய்வோம். யானைக்கு மட்டும் அவர்களுடைய டிசைனர் வரைந்த ஃபைலையே சிடியில் அனுப்பியிருந்தார்கள். அது மிகப் பெரிய ஃபைல்.

விஷயம் விளங்கிவிட்டது. லினக்ஸில் ஒரு புரோகிராம் தன் விண்டோ எங்கே திறக்க வேண்டும் என்று தானாக முடிவு செய்வதில்லை. அதற்கென்று விண்டோ மேனேஜர் என்ற வேறொரு புரோகிராம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். எந்த விண்டோ முதலில் வந்து நிற்கிறதோ அதை இடது ஓரத்தில் வைக்கும், அடுத்து வருவதைப் பக்கத்தில் காலியாக இருக்கும் இடத்தில் வைக்கும். டவுன் பஸ்ஸில் முதலில் ஏறியவர் ஜன்னலோரம் பிடிப்பது மாதிரி. கோயமுத்தூர்க்காரர்கள் எழுதிய புரோகிராம், அப்ரூவலை முதலில் கூப்பிட்டு, யூனிட் துண்டை அடுத்துக் கூப்பிட்டது. இரண்டும் ஒரே எடையாக இருந்தவரை கூப்பிட்ட வரிசையில் வந்தன. யானையின் அப்ரூவல் கனமான ஃபைல், மெதுவாகத் திறந்தது. அதற்குள் யூனிட் துண்டு ஓடிவந்து இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

சோதித்துக் காட்டாமல் மேனேஜர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரியும். அந்தப் பெரிய ஃபைலையே சிறியதாக ஒரு நகல் எடுத்து அதன் இடத்தில் போட்டுத் திறந்தேன். அப்ரூவல் இடது பக்கம் வந்து நின்றது. மறுபடி பெரிய ஃபைலைப் போட்டேன், மாறியது. டேனியல் மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "அப்ப என்ற ஆனையைப் பாத்துத்தான் என்ற ஆனைக்கே வேலி போட்டுட்டு இருந்தனா?"

விக்னேஷ் உடனே பழைய சிஸ்டத்துக்கே போய்விடலாம் என்றார். அது நடக்காது என்று தெரிந்ததும், மானிட்டரில் ஒரு தாளை ஒட்டி, பெயரைப் படித்துவிட்டுப் பார்க்கவும் என்று எழுதிவிடலாம் என்றார். நாச்சிமுத்து ஐயா தலையை ஆட்டினார்.

"ஒட்டுன தாளை ஒரு வாரம் படிப்பாங்க. அப்புறம் அதுவும் செவுரு மாதிரித்தான். டேபிள்ல அப்ரூவல் இடது பக்கம். அது மனுசனுக்குத் தெரிஞ்சிருக்குது. இந்த மெஷினுக்குத் தெரியலை. அதுக்குச் சொல்லிக் குடுங்க." பிறகு நசீமாவிடம் திரும்பினார். "நீ கூட இரும்மா. எப்படி வந்தா உனக்குத் தோதோ அப்படிச் சொல்லு. அது வரைக்கும் ரெண்டு விண்டோவையும் விரிச்சுப் பேரைப் பாத்துட்டே வேலை பண்ணு." நசீமா டேபிளுக்குப் போகிறாரா இல்லையா என்ற பேச்சை ஐயா எடுக்கவே இல்லை. அதுவே பதில் என்று எல்லோருக்கும் புரிந்தது.

சொல்வது சுலபம், செய்யும்போது ஒவ்வொன்றாகக் காலை வாரியது. படம் காட்டும் புரோகிராமைத் திறக்கும்போதே இந்த இடத்தில் திற என்று கட்டளை கொடுத்துப் பார்த்தேன். அது காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அப்புறம்தான் டெவில்ஸ்பை என்ற குட்டிப் புரோகிராமைக் கண்டுபிடித்தேன். அது பின்னால் உட்கார்ந்துகொண்டு, புதிதாக எந்த விண்டோ திறந்தாலும் அதன் தலைப்பைப் படிக்கும். நாம் எழுதிய விதி அதற்குப் பொருந்தினால் அதைத் தூக்கி நாம் சொன்ன இடத்தில் வைக்கும். ஆனால் எங்கள் இரண்டு விண்டோவும் ஒரே புரோகிராமுடையவை, தலைப்பும் பாதிக்கு மேல் ஒரே மாதிரி. அதனால் ஒவ்வொரு முறையும் இரண்டு ஃபைலுக்கும் அப்ரூவல், யூனிட் என்று ஒற்றை வார்த்தையில் ஒரு மாற்றுப் பெயர் உண்டாக்கி, அந்தப் பெயரால் திறக்க வைத்தேன். விதிக்கும் வேலை சுலபமானது, தலைப்பும் வெட்டுப்படாமல் பெரிதாகத் தெரிந்தது.

அப்படியும் கனமான ஃபைல் தகராறு செய்தது. விண்டோ முதலில் தலைப்பே இல்லாமல் திறந்து, படம் வந்த பிறகுதான் தலைப்புப் போட்டுக்கொண்டது. தலைப்பில்லாத நேரத்தில் விதி அதைப் பார்த்துவிட்டு, இது நம் ஆள் இல்லை என்று விட்டுவிட்டது. வேறொரு சின்னக் கருவியை வைத்து, தலைப்பு வரும்வரை பொறுத்திருந்து மறுபடி ஒருமுறை இடம் பார்க்கச் சொன்னேன். அப்ரூவல் தன் இடத்தில் நின்ற பிறகுதான் யூனிட் துண்டைக் கூப்பிடவே ஆரம்பிக்கும்படி வரிசையையும் மாற்றினேன்.

எல்லாம் முடிந்தது என்று நசீமாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "நல்லா இருக்குதுங்க சார். ஆனா இடது பக்கத்தது ஒரு பொட்டு கீழ இறங்கி இருக்குதுங்க." அளந்து பார்த்தேன், உண்மைதான். மேலே இருந்த மெனுப் பட்டையும் விண்டோவின் ஓரச் சட்டமும் கணக்கைக் கெடுத்திருந்தன. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் கைகட்டி நின்ற மேனேஜர், "டேபிள்ல துணியை ஏத்தி எறக்கியா போடுவோம்?" என்றார். மனதுக்குள் இருவரையும் திட்டிக்கொண்டே சரி செய்தேன். இரண்டு யானையின் காலும் ஒரே கோட்டில் வந்து நின்றபோது, திட்டியதற்கு அர்த்தமில்லை என்று தோன்றியது. அதோடு, நடுவில் மெயில் விண்டோ வந்து படத்தின் மேல் உட்காரக் கூடாது என்று நசீமா கேட்டார். அதையும், வேண்டும்போது மட்டும் மாற்றிப் பார்க்கும் வேறு திரைக்குத் தள்ளிவிட்டேன்.

நெருப்பெரிச்சல் யூனிட்டிலும் இதையே போட வேண்டும் என்று மேனேஜர் சொன்னார். போட்டுக்கொண்டிருந்தபோது டேனியல் மாஸ்டர் திரையில் அந்தப் புரோகிராமின் பெயரைப் படித்துவிட்டார்.

"ஏனுங்க, இதுல டெவில்னு இருக்குதே? எங்கூட்டுல கேட்டாங்கன்னா கம்ப்யூட்டருக்கே ஜெபம் பண்ணிப்புடுவாங்க."

"பேருதான் மாஸ்டர் அப்புடி. உங்க வேலியைப் புடுங்கிப் போட்டது இதுதான்" என்றேன். இருந்தாலும் அவர் மனம் சங்கடப்படக் கூடாதென்று, அவருடைய திரையில் தெரியும் பெயரை மட்டும் 'இடம்' என்று மாற்றி வைத்தேன். அவர் அதன் பிறகு நிம்மதியாக வேலை பார்த்தார்.

யானைகளை மெல்லிய கோட்டோடு மறுபடி அடித்தார்கள். ஒரு லாட்தான் வீணானது, அதற்குள் பிடித்துவிட்டோம். ஆனால் நசீமாவுக்கு அது சட்டென்று ஆறவில்லை. இரண்டு விண்டோவும் சரியாக வந்து நின்றாலும், தலைப்பைப் படிப்பார், விரலால் திரையைத் தொடுவார், மறுபடி படிப்பார். கோளாறு கண்ணில் பட்டாலும் உறுதியாக எழுதாமல், இது சரியா என்று பார்க்கவும் என்று எழுதுவார். ஒருநாள் நான், "மெஷின் சரியா வெச்சிருக்குதுங்க, தைரியமாச் சொல்லுங்க" என்றேன். "மெஷின் செரிங்க சார். நான் சொன்னா நம்போணுமில்லீங்க" என்றார். அதற்கு நான் எந்த விதியும் எழுத முடியாது. வருத்தமாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து, ஒரு மத்தியானம். நான் அந்த மேசைக்குக் கீழே ஒயர் பார்த்துக்கொண்டிருந்தேன். இலையும் பூவுமாக ஒரு டிசைன். துண்டு சரியாக இருக்கும், நீங்கள் ஓக்கே சொல்வதற்குள் அடிக்கத் தொடங்கிவிடுகிறேன், துணி டேபிளில் விரித்தாகிவிட்டது என்று டேனியல் மாஸ்டர் விக்னேஷிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். விக்னேஷ் போனைக் காதில் வைத்தபடியே நசீமாவின் மேசைக்கு வந்து நின்றார்.

நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். நசீமா ஸ்டைல் நம்பரைத் தட்டினார். இடது பக்கம் அப்ரூவல் வந்து நின்றது. வலது பக்கம் யூனிட் வந்தது. அவர் தலைப்பைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார், சாய்ந்து ஒருமுறை, நிமிர்ந்து ஒருமுறை. நான் ஒயரைப் பார்க்கக் குனிந்தபோது அவர் பாதங்கள்தான் தெரிந்தன. இரண்டும் தரையில் அழுந்தின.

"அடிக்க வேண்டாங்க" என்றார். "ரெண்டாவது கலரை அடிக்கற ஸ்கிரீன் தள்ளி விழுந்திருக்குது. பூவுக்கும் காம்புக்கும் நடுவுல வெள்ளை தெரியுதுங்க."

குரலில் நடுக்கம் இல்லை. சரியா என்று பார்க்கவும் என்ற வார்த்தையும் இல்லை. நான் மேசைக்கு அடியிலிருந்து மறுபடி தலையை நீட்டினேன். விக்னேஷ் திரையைப் பார்ப்பார், குனிவார், பெயரை விரித்துக் காட்டச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். போனில் டேனியல் மாஸ்டரின் குரல் எனக்கே கேட்டது. "யாருங்க வேண்டாங்கறது? நான் என்ற கண்ணால பாத்துட்டுத்தான் அனுப்புனேன்."

விக்னேஷ் திரையின் பக்கம் திரும்பவே இல்லை.

"நிறுத்துங்க மாஸ்டர்" என்றார். "நசீமாக்கா பாத்துட்டாங்க."